திகில் படப் போஸ்டர்கள்: ஒரிஜினலையும் ரீமேக்கையும் எப்படி ஒப்பிடுவது?

கேள்வி இதுதான்: பழைய ஹாலிவுட் திகில் படங்களின் போஸ்டர்கள் மனதில் அப்படியே நிற்கின்றன, ரீமேக் போஸ்டர்களோ பெரும்பாலும் இருட்டில் ஒரு முகமாகவே இருக்கின்றன, ஏன்? டிசைன் படிக்கும் ஒருவர் இவற்றை ஒழுங்காக ஒப்பிட வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது?

"அன்று கையால் வரைந்தார்கள், இன்று ஃபோட்டோஷாப்" என்பதுதான் இதற்கு எல்லோரும் சொல்லும் பதில். அது பாதிதான் சரி. 1960-இல் வந்த 'சைக்கோ'வின் போஸ்டர் புகைப்படங்களை வைத்துச் செய்தது. 1974-இன் 'டெக்சாஸ் செயின் சா மசாக்கர்' போஸ்டரும் புகைப்படம்தான். இரண்டுமே இன்றும் பேசப்படுகின்றன. போஸ்டருக்கு முன்னால் நிற்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டுப் பாருங்கள், வேறுபாடு அங்கேதான் கிடைக்கும். ஒரிஜினல் வெளியாகும் நாளில் கொலையாளி யார், முகமூடி எப்படியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே போஸ்டர் ஒரு கேள்வியை எழுப்பி டிக்கெட் வாங்க வைக்க வேண்டும். ரீமேக் எடுப்பவர் உரிமைக்குப் பணம் கொடுத்ததே தெரிந்த பெயருக்கும் தெரிந்த முகத்துக்கும்தான். கொடுத்த பணத்துக்கு அவற்றை முன்னால் வைத்தாக வேண்டும்.

இதைச் சோதித்துப் பார்க்க 'சைக்கோ'வைவிடத் தோதான ஜோடி கிடையாது. கஸ் வான் சான்ட் 1998-இல் எடுத்த ரீமேக், ஹிட்ச்காக்கின் படத்தைப் பெரும்பாலும் ஷாட்டுக்கு ஷாட் அப்படியே திரும்ப எடுத்தது. படம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் போஸ்டர்கள் ஏன் மாறின என்பதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது. 1960 போஸ்டரில் குளியலறை இல்லை, ஷவர் இல்லை, கத்தியும் இல்லை. உள்ளாடையோடு இருக்கும் ஜேனட் லீ, சட்டையில்லாத ஜான் கேவின், ஆந்தனி பெர்கின்ஸ். ரகசியக் காதல் கதை என்று நினைக்கத்தான் அதில் இடமிருக்கிறது. படத்தின் பெரிய அதிர்ச்சியே கதாநாயகி என்று நம்பியவள் பாதிக்கு முன்பே சாவதுதான் என்பதால் அந்த ரகசியத்தைப் போஸ்டர் காப்பாற்றியது. நடிகர் பட்டியலிலும் ஜேனட் லீயின் பெயர் கடைசியில், கதாபாத்திரத்தின் பெயரோடு வருகிறது. படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விட மாட்டோம் என்று ஹிட்ச்காக் கைக்கடிகாரத்தைக் காட்டும் விளம்பரமும் அதே ரகசியத்துக்கான காவல்தான்: தாமதமாக வருபவர் ஜேனட் லீ எங்கே என்று தேடிக்கொண்டிருப்பாரே.

1998-க்குள் அந்த ஷவர் காட்சி உலகத்துக்கே தெரிந்துவிட்டது. ரீமேக் போஸ்டரில் ஷவர் திரைக்குப் பின்னால் ஒரு பெண் உருவம். "அறை எடுங்கள், ஓய்வெடுங்கள், குளியுங்கள்" என்ற பொருளில் டேக்லைன், அதாவது போஸ்டரின் விளம்பர வரி. 1960-இல் பூட்டி வைத்த அதே காட்சிதான் 1998-இல் கடைவாசலுக்கு வந்தது. ஒரே திரைக்கதை, நேர் எதிரான இரண்டு போஸ்டர்கள்.

தலைப்பெழுத்தையும் பாருங்கள். குறுக்கே வெட்டி இடம் பெயர்ந்தது போன்ற 'சைக்கோ' எழுத்து, டோனி பல்லடினோ ராபர்ட் பிளாக்கின் நாவல் அட்டைக்காகச் செய்தது. ஹிட்ச்காக் தரப்பு அதை வாங்கிப் படத்துக்குப் பயன்படுத்தியது. ஒரு மனம் இரண்டாகப் பிளந்திருப்பதை முகம் எதுவும் காட்டாமல் அந்த எழுத்தே சொல்லிவிடுகிறது. ஒரு போஸ்டரில் படத்தை முழுக்க மறைத்துவிட்டுத் தலைப்பை மட்டும் பாருங்கள். அதுவே பயத்தைக் கொஞ்சம் சொன்னால் டிசைனர் யோசித்திருக்கிறார் என்று பொருள்.

அடுத்து '13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை' ஜோடி. 1980 போஸ்டரை வரைந்தவர் அலெக்ஸ் ஈபெல். கத்தி பிடித்த ஒரு ஆளின் வெளிக்கோடு, அந்தக் கோட்டுக்குள் இரவுக் காடு, நிலா, கீழே முகாமின் இளைஞர்கள். அந்த ஆளுக்கு முகமே கிடையாது. அழகுக்காக மட்டும் இப்படிச் செய்யவில்லை. கொலையாளி யார் என்பது கடைசியில்தான் தெரியும், அதுவும் பின்னாளில் இந்தத் தொடரின் அடையாளமான ஜேசன் இல்லை, அவனுடைய அம்மா. ஹாக்கி முகமூடி 1982-இல் வந்த மூன்றாம் பாகத்தில்தான் முதலில் வருகிறது. 2009 ரீமேக் போஸ்டரிலோ காட்டுக்குள் ஜேசன், ஹாக்கி முகமூடியோடு, கையில் நீளமான வெட்டுக்கத்தி. இத்தனைக்கும் அந்த ரீமேக்கிலேயே ஜேசன் முதலில் தலையில் ஒரு துணிப்பையைத்தான் மாட்டியிருக்கிறான், முகமூடி பிறகுதான் கிடைக்கிறது. தன் படம் கொஞ்ச நேரம் தள்ளிவைத்ததைக்கூட அதன் போஸ்டர் தள்ளிவைக்கவில்லை.

'ஹாலோவீன்' 1978 போஸ்டரை மட்டும் நிதானமாகப் பார்க்க வேண்டும். ராபர்ட் கிளீசன் வரைந்தது. முழுக் கருப்புப் பின்னணி. இடப்பக்கம் கண்ணும் வாயும் வெட்டிய பூசணி, உள்ளே வெளிச்சம். பூசணியின் வரிப்பள்ளங்கள் வலப்பக்கம் நகர நகர ஒரு கையின் விரல் முட்டிகளாகின்றன. அந்தக் கையில் கத்தி. எங்கே பூசணி முடிந்து எங்கே கை தொடங்குகிறது என்று விரலை வைத்துக் காட்ட முடியாது. பண்டிகை, கொலை, இருட்டு ஆகிய மூன்றையும் ஒரே உருவத்தில் கட்டியிருக்கிறார். முட்டிகளின் நிழலில் அலறும் ஒரு முகம் தெரிவதாகப் பார்த்தவர்கள் சொல்வதுண்டு. உற்றுப் பார்த்தால் உண்மையிலேயே தெரிகிறது, திட்டமிட்டதோ இல்லையோ. படத்தில் கொலையாளி போட்டிருக்கும் வெள்ளை முகமூடி எங்கும் இல்லை என்பதுதான் இங்கே முக்கியம். அன்றைக்கு அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. இன்று அந்தத் தொடரின் எந்தப் புதிய படமானாலும் போஸ்டரில் முதலில் வருவது அந்த முகமூடிதான்.

1984-இன் 'எல்ம் தெரு' ('எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்'), கனவில் வந்து கொல்லும் ஃப்ரெடியின் கதை. அதற்கு மேத்யூ பீக் வரைந்ததும் இதே ரகம். படுக்கையில் கண் விழித்துக் கிடக்கும் நான்சி, தலைக்கு மேலே கத்தி விரல்கள், பின்னால் புகை போல ஒரு மண்டையோட்டுச் சாயல். நான்சி விழிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் டேக்லைன். பார்வையாளர் நான்சியின் இடத்தில் நிற்கிறார். 2010 ரீமேக்கில் ஃப்ரெடி மட்டும்: தொப்பி, கோடு போட்ட ஸ்வெட்டர், கத்திக் கையுறை, நிழலில் பாதி முகம். யாருக்கு ஆபத்து என்பது போஸ்டரிலிருந்து காணாமல் போய்விட்டது. ரீமேக் போஸ்டர்கள் ஏன் பயமுறுத்துவதில்லை என்று என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். பயம் என்பது பாதிக்கப்படப் போகிறவர் மீது நமக்கு வரும் அக்கறை. வில்லனை மட்டும் தனியாக நிறுத்தினால் அது அவனுடைய அறிமுகப் படமாகிவிடுகிறது.

இந்த ரீமேக்குகள் ஒன்றுபோல் இருப்பதற்குத் தயாரிப்பு சார்ந்த காரணமும் உண்டு. 2003-இன் 'டெக்சாஸ்', 2005-இன் 'அமிட்டிவில்', 2009-இன் 'வெள்ளிக்கிழமை', 2010-இன் 'எல்ம் தெரு' நான்கையும் எடுத்தது பிளாட்டினம் டியூன்ஸ் என்ற ஒரே நிறுவனம். 1974 'டெக்சாஸ்'-க்கும் 2003 ரீமேக்குக்கும் ஒளிப்பதிவாளர் ஒருவரே, டேனியல் பெர்ல். கேமராவுக்குப் பின்னால் அதே ஆள் இருந்தும் விளம்பரம் மாறியதென்றால் காரணத்தைச் சந்தையில்தான் தேட வேண்டும். வீடியோ கடை அலமாரி, பிறகு இணையதளச் சின்னப்படம் என்று போஸ்டர் சுருங்கச் சுருங்க, தபால்தலை அளவிலும் அடையாளம் தெரிகிற முகமே பாதுகாப்பான தேர்வு ஆகிவிட்டது.

அமெரிக்காவில் தரச்சான்று பெறும் படங்களின் விளம்பரத்துக்கும் அங்குள்ள திரைப்படச் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. 1974 போஸ்டரில் கொக்கியில் தொங்கும் பெண்ணையே காட்டினார்கள். பெரிய ஸ்டூடியோ வெளியிடும் ரீமேக்குக்கு அப்படி ஒரு படத்தை எல்லாத் திரையரங்கு வாசலிலும் ஒட்டுவது எளிதில்லை. இருட்டும் நிழலும் பழுப்பு நிறமும் தணிக்கையில் சிக்காத வழி.

டேக்லைனையும் படத்தோடு சேர்த்தே ஒப்பிடுங்கள். 1974 'டெக்சாஸ்' போஸ்டர் "யார் பிழைப்பார்கள், அவர்களில் என்ன மிஞ்சும்?" என்று கேட்டது. அதன் இரண்டாம் பாதிதான் குலை நடுங்க வைப்பது. 2003-இல் "உண்மைச் சம்பவத்தின் தாக்கத்தில்" என்ற வரி. கேள்வி போய்ச் சான்றிதழ் வந்துவிட்டது. ரொமேரோவின் 'டான் ஆஃப் த டெட்' 1978 போஸ்டரில் தொடுவானத்தில் ஒரு பிணத்தின் தலை சூரியன் போல எழும். நரகத்தில் இடமில்லாதபோது இறந்தவர்கள் பூமியில் நடப்பார்கள் என்று ஒரு வரி. படம் தரச்சான்று இல்லாமல் வெளியானதால், அதிர்ச்சி தரும் வன்முறை உண்டு, 17 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதியில்லை என்ற குறிப்பையும் விளம்பரத்திலேயே போட்டார்கள். 2004 ரீமேக் அந்த நரக வரியை அப்படியே வைத்துக்கொண்டது. நல்ல முடிவு, அதைவிடச் சிறந்த வரியை எழுதுவது கஷ்டம். 2013-இன் 'ஈவில் டெட்' வேறு வழியில் போனது: நீங்கள் அனுபவிக்கப் போகும் மிகப் பயங்கரமான படம் இதுதான் என்ற வாசகமே போஸ்டரின் பெரும்பகுதியை நிரப்புகிறது, பெண் உருவம் அதற்கு முன் சிறியது. 1981 ஒரிஜினலில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு கை வந்து பெண்ணின் கழுத்தைப் பிடிக்கும். அதைப் பார்த்தவர் படத்தை மறக்க மாட்டார். வாசகம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தக் கைக்கு ஈடாகாது.

2006-இன் 'ஓமன்' ரீமேக் தேதியையே விளம்பரமாக்கியது. 6-6-06 அன்று, அதாவது ஒரு செவ்வாய்க்கிழமை, படத்தை வெளியிட்டு, சாத்தானின் எண்ணாகச் சொல்லப்படும் அந்த மூன்று ஆறுகளைப் போஸ்டரில் போட்டார்கள். ரீமேக் ஒன்று ஒரிஜினலால் செய்யவே முடியாத ஒன்றைச் செய்தது என்ற வகையில் இது எனக்குப் பிடித்த உதாரணம்.

ரீமேக் என்றாலே மட்டம் என்ற முடிவோடு ஒப்பிட உட்காரக் கூடாது. ஜான் கார்ப்பென்டரின் 1982 'த திங்', 1951 படத்தின் மறு ஆக்கம். இரண்டுக்கும் மூலக்கதை ஒன்றே. 1951 போஸ்டர் எழுத்தை நம்பியது. ராட்சத அளவில் தலைப்பு, கூடவே அது எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது, அது என்ன என்ற கேள்விகள். உருவத்தைக் காட்டவில்லை. 1982-க்கு ட்ரூ ஸ்ட்ரூசன் வரைந்தது பனி உடை போட்ட ஒரு ஆள், முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணைக் கூசும் வெளிச்சம். அவருக்குப் படத்தின் காட்சிகளைக் காட்டவில்லை, மறுநாளே ஓவியம் வேண்டும் என்றார்கள். தானே குளிர் உடை மாட்டி நின்று போலராய்டு எடுத்து, அதை வைத்து ஒரே இரவில் தீட்டினார். காலையில் எடுத்துப் போகும்போது வண்ணம் காயவில்லை. யார் மனிதன், யார் மனித உருவில் இருக்கும் வேற்றுக்கிரகப் பிராணி என்று தெரியாமல் தவிப்பதுதான் கதை. முகமில்லாத மனிதன் என்ற ஒரே உருவம் அதை முழுவதும் சொல்லிவிட்டது. தகவல் குறைவாக இருந்ததே இங்கே உதவியது, பிராணியை வரையும் வாய்ப்பே அவருக்கு இல்லை.

'த ஃப்ளை'யும் அப்படியே. 1958 போஸ்டர் ஈத்தலை மனிதனைப் பற்றி எல்லாவற்றையும் உரக்கச் சொல்லி, இது நடக்காது என்று நிரூபிப்பவருக்கு 100 டாலர் என்றது. 1986-இல் திறந்த கதவுள்ள எந்திரக்கூடு, உள்ளிருந்து ஒளி, மனிதன் பாதி வேறேதோ பாதியாக ஒரு உருவம், பயப்படச் சொல்லும் ஒரே வரி. அடங்கிய குரலில் பேசியதால் இது அதிகம் மிரட்டுகிறது.

'ரிங்' 2002 இன்னும் நுட்பம். கருப்பில் ஒரு மெல்லிய வெள்ளை வளையம், அவ்வளவுதான். படம் பார்க்காதவருக்கு அது கிரகணம் போலத் தெரியும். பார்த்தவருக்கு அது கிணற்றின் அடியிலிருந்து மூடியைச் சுற்றித் தெரியும் வெளிச்சம். படத்தின் விடையைப் போஸ்டரில் வெளிப்படையாக வைத்தும் எதையும் கெடுக்கவில்லை. 1998 ஜப்பானியப் படத்தை அமெரிக்காவில் பெரும்பாலானோர் பார்த்திருக்கவில்லை என்பதால் இந்த ரீமேக் ஒரிஜினலைப் போல நடந்துகொள்ள முடிந்தது. 2004-இன் 'த க்ரட்ஜ்' போஸ்டரில் கருங்கூந்தலுக்குள்ளிருந்து ஒரு கண். அதுவும் நன்றாக இருந்தது, பிறகு வந்தவர்கள் அந்தக் கூந்தலைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சலிக்க வைத்துவிட்டார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு ஜோடி உண்டு. 1993-இன் 'மணிச்சித்ரதாழ்' கதை 2005-இல் 'சந்திரமுகி' ஆனபோது, 'பாபா'வுக்குப் பிறகு ரஜினி வரும் படம் என்பதே பெரிய செய்தி. போஸ்டரில் அவர் முகம்தான் முன்னால். ஹாலிவுட் ரீமேக்கில் முகமூடி செய்யும் வேலையை இங்கே நட்சத்திரம் செய்கிறார். ஒருவகையில் இது கதைக்கும் நல்லதுதான், சந்திரமுகி யார் என்ற முடிச்சு போஸ்டரில் அவிழாமல் தப்பியது.

இனி ஒப்பிடும் முறை. முதலில் ஒரே வகைப் போஸ்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: ஒரிஜினலின் இறுதிப் போஸ்டரையும், ரீமேக்குக்கு முன்னோட்டமாக வரும் டீஸர் போஸ்டரையும் அருகருகே வைத்து, ரீமேக்கில் விவரமே இல்லை என்பார்கள். டீஸரில் விவரம் இருக்கக் கூடாது. நாடும் ஒன்றாக இருக்க வேண்டும். பிரிட்டனின் குவாட் போஸ்டர் 30க்கு 40 அங்குலம், படுக்கைவாட்டு, ஆகவே அமெரிக்கச் செங்குத்துப் படத்தை அதில் வேறு மாதிரி அடுக்கியிருப்பார்கள். ஜப்பானின் பி2 போஸ்டர் 515க்கு 728 மில்லிமீட்டர். அமெரிக்கத் திரையரங்குகளின் வழக்கமான போஸ்டரான ஒன்-ஷீட் 1980-களின் நடுப்பகுதி வரை 27க்கு 41 அங்குலம், அதன் பிறகு 27க்கு 40. 24க்கு 36 அளவில் கிடைப்பது கடையில் விற்க அச்சடித்தது, திரையரங்குக்கு வந்ததில்லை. அதில் ஓரங்கள் வெட்டப்பட்டிருக்கலாம் என்பதால் இடைவெளிகளை அளக்க அது உதவாது.

பழையவை மடித்து அனுப்பப்பட்டவை. குறுக்கே மூன்று, நெடுக்கே ஒன்று என மடித்து எட்டுக் கட்டங்கள். நெடுக்கு மடிப்பு நட்டநடுவில் ஓடுவதால் 'ஹாலோவீன்' போன்ற முழுக் கருப்புப் போஸ்டர்களில் மை உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரியும், மடிப்புகள் சந்திக்கும் புள்ளிகளில் இன்னும் மோசம். ஸ்கேனில் தெரியும் அந்தக் கோடுகளையும் மங்கலையும் பழைய டிசைனின் அழகு என்று எழுதிவிடாதீர்கள். 1980-களின் இறுதியிலிருந்து பின்புறமும் கண்ணாடிப் பிம்பமாக இலேசாக அச்சடிப்பது பரவியது. விளக்குப் பெட்டியில் வைத்தால் நிறம் வெளிறாமல் இருக்க. ஆகவே புதிய போஸ்டரின் கருப்பைத் திரையரங்கு வெளிச்சத்தில் பார்த்ததாக நினைத்தே மதிப்பிட வேண்டும்.

பிறகு இரண்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து மூன்று சோதனை செய்யுங்கள். நிறத்தை நீக்கிச் சாம்பலாக்கிப் பாருங்கள். உருவம் பிரிந்து தெரிகிறதா, நீலமும் பழுப்பும் போனதும் எல்லாம் ஒரே குழம்பாகிறதா? 100 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். 'வெள்ளிக்கிழமை' 1980-இன் வெளிக்கோடும் 'ரிங்' வளையமும் அப்போதும் நிற்கும். கடைசியாகத் தலைப்பை மறைத்துவிட்டு, படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் "இதில் என்ன நடக்கப் போகிறது?" என்று கேளுங்கள். ஒரிஜினலுக்கு அவர் கதை ஒன்றைச் சொல்லத் தொடங்குவார். ரீமேக்குக்குப் பாத்திரத்தின் பெயரைச் சொல்வார், அல்லது தெரியவில்லை என்பார்.

நீங்களே ஒரு ரீமேக் போஸ்டரை மாற்றி வடிவமைத்து அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால் இருட்டில் கவனம் வேண்டும். வெறும் கருப்பு மை 100 சதவீதம் மட்டும் போட்டால் பெரிய பரப்பில் சாம்பலாகத் தெரியும். சயான் 60, மஜென்டா 40, மஞ்சள் 40, கருப்பு 100 என்பது பரவலாகப் பயன்படும் கலவை. நான்கு மைகளும் சேர்ந்து மொத்தம் 240 சதவீதம், பூச்சுத்தாளுக்கான 300 சதவீத மை வரம்புக்குள் அடங்கும். நிழலில் இருக்கும் முகத்தின் நிறங்களைப் பின்னணிக் கருப்பிலிருந்து 10 சதவீதமாவது விலக்கி வையுங்கள். ஆஃப்செட் அச்சில் மைப்புள்ளிகள் விரிவதால் 92 சதவீதமும் 96 சதவீதமும் தாளில் ஒன்றாகிவிடும், திரையில் தெரிந்த கன்னம் தாளில் இருக்காது. கீழே வரும் நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் பட்டியலின் ஒல்லியான வெள்ளை எழுத்துகளைச் சுற்றி மற்ற மூன்று நிறங்களையும் சற்றுப் பின்னுக்கு இழுத்துக் கருப்பு மட்டும் எழுத்தைத் தொடும்படி செய்யச் சொல்லுங்கள். அச்சுத் தகடு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ கசியாது.